ஒரு மணி நேரம் ஓடியதும் ஏசி காற்று சூடாகிறது, கேஸ் போட்டும் தீரவில்லை

பாலாற்றங்கரை (வேலூர்):

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2014 மாடல் டீசல் கார், ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. காலையில் எடுத்தால் ஏசி நன்றாகவே குளிர்கிறது. சென்னை போகும் வழியில் ஸ்ரீபெரும்புதூர் நெருங்கும் நேரம், அதாவது ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஓடிய பிறகு, குளிர் மெல்ல மெல்லப் போய் வெறும் வெளிக்காற்று மாதிரி வருகிறது. வண்டியை ஓரம் கட்டி டீ குடித்துவிட்டு வந்தால் சில நேரம் மறுபடி குளிரும், சில நேரம் குளிராது. இரவுப் பயணத்தில் இந்தத் தொல்லையே கிடையாது.

பக்கத்துக் கடையில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்து, கேஸ் கொஞ்சம் குறைவு என்று டாப்-அப் செய்தார்கள். அன்றைக்கு நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடிதான். இன்னொரு பட்டறையில் கம்ப்ரஸர் போய்விட்டது, புதிது போட 28,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். அம்மாவைச் சிகிச்சைக்காகச் சென்னைக்கு அடிக்கடி அழைத்துப் போக வேண்டியிருக்கிறது, கத்திரி வெயிலில் ஏசி இல்லாமல் அவரால் முடியாது. கம்ப்ரஸரை மாற்றிவிடலாமா, வேறு எதையாவது முதலில் பார்க்க வேண்டுமா?

தேரடி (திருவாரூர்):

கேஸ் வருடத்துக்கு ஒரு தடவை போட்டே ஆக வேண்டும் சார், ஆயில் மாற்றுகிற மாதிரிதான். எங்கள் வண்டிக்கு ஒவ்வொரு மார்ச் மாதமும் போட்டுவிடுவோம். நீங்கள் போட்ட கடையில் அளவு குறைத்துப் போட்டிருப்பார்கள். முழுசாகப் போடச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

நொய்யல் (கோவை, ஏசி மெக்கானிக்):

தேரடி அண்ணா, மன்னிக்கவும், இதை நான் கடுமையாகவே மறுக்கிறேன். ஏசி கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்கிற பொருள் இல்லை. அதே கேஸ்தான் கம்ப்ரஸரில் அழுத்தப்பட்டு, கண்டன்சரில் சூட்டை விட்டுத் திரவமாகி, எக்ஸ்பேன்ஷன் வால்வில் அழுத்தம் இறங்கி, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொண்டு, திரும்பக் கம்ப்ரஸருக்கே வருகிறது. ரப்பர் குழாய் வழியாகவும் ஷாஃப்ட் சீல் வழியாகவும் மிக மெதுவாகக் கொஞ்சம் கசியும், அது பல வருடம் போனால்தான் தெரியும். வருடா வருடம் போட வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம், அந்த ஓட்டையைத்தான் தேட வேண்டும். கசிகிற இடத்தில் ஆயிலும் சேர்ந்து வெளியே போகும். கேஸை மட்டும் நிரப்பிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் ஆயில் இல்லாமல் கம்ப்ரஸர் இறுகிவிடும், அப்போது உள்ளே தேய்ந்த உலோகத்தூள் கண்டன்சர் வரை பரவி எல்லாவற்றையும் மாற்ற வைக்கும்.

பாலாற்றங்கரை தம்பி, கம்ப்ரஸரை மாற்ற இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். நீங்கள் சொன்ன அடையாளங்களில் பாதி விடை இருக்கிறது. எப்போது குளிர் போகிறது, எப்போது திரும்புகிறது என்பதுதான் முதல் தடயம், கேஜ் அதற்குப் பிறகுதான். சில விஷயங்களைக் கவனித்துச் சொல்லுங்கள். குளிர் போகும் நேரத்தில் காற்றின் வேகம் குறைகிறதா, அப்படியே இருக்கிறதா? சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடாகி, ஓடும்போது குளிர்கிறதா? கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். சூடாகிவிட்ட அந்த நேரத்தில் பானட்டைத் திறந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஏசி ஆனில் இருக்க, கம்ப்ரஸர் முன்னால் இருக்கும் தட்டு சுற்றுகிறதா என்று பாருங்கள். வெளியே இருக்கும் பெல்ட் சக்கரம் எப்போதும் சுற்றும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நடுவில் இருக்கும் தட்டு சுற்றினால்தான் கம்ப்ரஸர் வேலை செய்கிறது. துண்டு, சேலை, சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது, கையை உள்ளே விடாமல் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும்.

மதுரைக்காரி:

எங்கள் காரில் இந்த சிக்னல் விஷயம் வந்தது, அதனால் எழுதுகிறேன். பைபாஸில் ஓடினால் குளிர், பெரியார் பஸ் நிலையம் பக்கம் நெரிசலில் மாட்டினால் அனல். கடைசியில் பார்த்தால் கண்டன்சர் ஃபேன் ஓடவே இல்லை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டன்சரைக் குளிர்வித்துவிடுகிறது, நின்றால் அங்கே சூடு வெளியேற வழி இல்லை, ஹை சைடு (கம்ப்ரஸர் அழுத்தி வெளியே தள்ளும் பக்கம்) அழுத்தம் ஏறி பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடுகிறது. ஏசி போட்டுச் சற்று நேரத்தில் முன்னால் இருக்கும் ஃபேன் ஓட ஆரம்பிக்க வேண்டும். ஓடவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அடுத்தது ரிலே. எங்கள் வண்டியில் ஹார்ன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒரே வகை, மாற்றிச் செருகியதும் ஃபேன் ஓடியது. ரிலே செலவு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

பாலாற்றங்கரை:

அண்ணா, நன்றி. காற்றின் வேகம் குறையவே இல்லை, நாலாம் நம்பரில் வைத்தால் முழுசாக வருகிறது, குளிர்தான் இல்லை. சிக்னல், ஹைவே என்ற வித்தியாசமும் இல்லை, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போதேதான் போகிறது. முன் ஃபேன் நன்றாக ஓடுகிறது. நேற்று சூடானதும் சுங்கச்சாவடி தாண்டி நிறுத்திப் பார்த்தேன், வெளிச்சக்கரம் சுற்றுகிறது, நடுத்தட்டு அசையாமல் நிற்கிறது. ஏசி பட்டன் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

கடைக்காரர் வேறு எஞ்சினை நிறுத்திவிட்டு கேஜில் 95 பிஎஸ்ஐ காட்டி, இப்போது கேஸ் ஃபுல் என்றார். அது சரிதானா?

நொய்யல்:

தட்டு நிற்கிறது என்ற ஒரு வரி பாதி வேலையை முடித்துவிட்டது. காற்று முழு வேகத்தில் வருவதால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டவில்லை. ஐஸ் கட்டினால் முதலில் காற்று மெலியும், ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டால் தண்ணீர் நிறைய சொட்டி மறுபடி குளிர் வரும். அதற்குக் காயிலில் செருகியிருக்கும் தெர்மிஸ்டரோ (காயில் உறையும் முன் கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்லும் வெப்ப சென்சார்) அடைத்த கேபின் ஃபில்டரோ காரணமாக இருக்கும். உங்களுக்கு அது இல்லை.

95 பிஎஸ்ஐ பற்றி. எஞ்சின் நின்றிருக்கும்போது கேஜ் காட்டுவது கேஸின் அளவை அல்ல, வெப்பநிலையை. கார் ஏசி கேஸான ஆர்134ஏ உள்ளே கொஞ்சமாவது திரவமாக இருக்கும் வரை, 30 டிகிரியில் கிட்டத்தட்ட 97 பிஎஸ்ஐ காட்டும், 40 டிகிரியில் 130 தாண்டும். வீட்டு சமையல் சிலிண்டரில் பாதி தீர்ந்தாலும் அடுப்பு அதே வேகத்தில் எரிகிறதல்லவா, அந்த மாதிரிதான் இதுவும். பாதி கேஸ் இருந்தாலும் இதே 95 தான் வரும், அளவுக்கு மிஞ்சிப் போட்டிருந்தாலும் இதே 95 தான் வரும். எத்தனை கிராம் இருக்கிறது என்று தெரிய ஒரே வழி, மெஷினில் கேஸை வெளியே எடுத்து எடை போடுவது. உங்கள் பானட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், கேஸின் வகையும் கிராம் கணக்கும் அதில் அச்சடித்திருக்கும். அதைப் படித்து எழுதி வையுங்கள்.

இப்போது தட்டு ஏன் நிற்கிறது என்பதற்கு வருவோம். இரண்டே சாத்தியம். ஒன்று, கம்ப்ரஸர் கிளட்ச்சின் காயிலுக்கு, அதாவது நடுத்தட்டைக் காந்தமாக இழுத்துச் சக்கரத்தோடு ஒட்டவைக்கும் சுருளுக்கு, கரண்ட் வரவில்லை. பிரஷர் சுவிட்ச், ரிலே, தெர்மிஸ்டர், எஞ்சின் சூடு அதிகமாகி ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) ஏசியைத் துண்டிப்பது, எலி கடித்த ஒயர், எதுவாகவும் இருக்கலாம். இரண்டாவது, கரண்ட் வந்தும் காந்தம் தட்டை இழுக்க முடியவில்லை. இதைப் பிரிக்க மல்டிமீட்டர் போதும். சூடாகிக் குளிர் போன அதே நேரத்தில், கிளட்ச் ஒயரின் கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி வோல்ட் பாருங்கள். கழற்றிப் பார்த்தால் கருகிய ரிலே முனைகூட 12 வோல்ட் காட்டும், லோடு ஏறினால்தான் அதன் உண்மை தெரியும். உங்களால் முடியாவிட்டால் அருகில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அவருக்கு இது ஐந்து நிமிட வேலை.

வெப்பத்தில் மட்டும் வருகிறது, இரவில் வரவில்லை என்பதால் எனக்கு இரண்டாவதின் மேல்தான் சந்தேகம்.

துபாய் நிழல்:

இங்கே ஜூலையில் நாற்பத்தைந்து டிகிரியில் ஓட்டுகிறோம், ஒரு விஷயம் சேர்க்கிறேன். கண்டன்சரையும் ஒரு தடவை கழுவிவிடுங்கள். பம்பருக்குப் பின்னால் தூசியும் பூச்சியும் அப்பிக்கொண்டு காற்றே போகாது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் ஆறிய பிறகு சாதாரண பைப் தண்ணீர் போதும். வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் கன்னை நெருக்கமாகப் பிடித்தால் தகடு மடங்கி நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். என் நண்பரின் வண்டிக்கு அப்படித்தான் ஆனது.

தேரடி:

நொய்யல் தம்பி சொல்வது புரிகிறது. ஆனால் எங்கள் ஊரில் எடை போடும் மெஷின் எங்கே இருக்கிறது? ஒரு டின் வாங்கிப் போட்டால் குளிர்கிறது, ஜனங்களுக்கு அது போதும். இப்போது ஓட்டை அடைக்கிற மருந்து கலந்த டின்கூட வருகிறதே.

நொய்யல்:

அண்ணா, உங்கள் ஊர் நிலைமை எனக்குத் தெரியும், மெஷின் இல்லாத ஊர்களில் தராசில் டின்னை வைத்து எடை பார்த்தே நன்றாக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வேக்கம் பம்ப், தராசு, கேஜ் இந்த மூன்றும் இருந்தால் போதும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேக்கம் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும், வால்வை மூடிவிட்டு முள் ஏறுகிறதா என்று கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாத கடையில்தான் நேராக டாப்-அப் செய்கிறார்கள்.

ஓட்டை அடைக்கும் மருந்தைத் தயவுசெய்து போடாதீர்கள். அது எக்ஸ்பேன்ஷன் வால்வின் சிறு துளையிலும் அடைத்துக்கொள்ளும், கேஸ் எடுக்கும் மெஷினுக்குள்ளும் போய் உறைந்துவிடும். மருந்து போட்ட வண்டி என்று தெரிந்தால் எங்கள் பட்டறையில் மெஷினை மாட்டவே யோசிப்போம். கசிவை உண்மையாகக் கண்டுபிடிக்க நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவுவது, அல்லது சாயம் கலந்து யூவி விளக்கில் பார்ப்பது. எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டி ஒரு மூட்டு மட்டும் கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் அதுதான் இடம். பத்து இருபது ரூபாய் ஓ-ரிங்கில் முடிகிற வேலையாகவும் இருக்கும், கூலிங் காயில் என்றால் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும், அப்போது செலவு ஏறும்.

டின் விலை மிகவும் குறைவாக இருந்தால் அதற்கும் பயப்படுங்கள். மூடியில் ஆர்134ஏ என்று எழுதி உள்ளே வேறு எதையாவது அடைத்து விற்கிறார்கள். 2011-ல் கப்பலில் போகும் குளிர்பதனக் கண்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். உள்ளே இருந்தது போலிக் கேஸ், அதில் கலந்திருந்த மெத்தில் குளோரைடு அலுமினியத்தோடு சேர்ந்து காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும் பொருளாக மாறியிருந்தது. கார் கம்ப்ரஸரும் கண்டன்சரும் அலுமினியம்தான்.

எஞ்சின் மாணவன்:

நொய்யல் அண்ணா, சூட்டில் காந்தம் ஏன் இழுக்காமல் போகிறது? கொஞ்சம் விளக்க முடியுமா, படிக்கிற எங்களுக்கும் உதவும்.

நொய்யல்:

சொல்கிறேன். கிளட்ச் காயில் என்பது செம்புக் கம்பிச் சுருள். செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் ஏறும். காலையில் 30 டிகிரியில் 3.6 ஓம் இருக்கும் காயில், பானட்டுக்குள் 100 டிகிரி ஆகும்போது 4.6 ஓம் பக்கம் போய்விடும். ஆல்டர்னேட்டர் தருவது அதே 13.5 வோல்ட் என்றால், 3.7 ஆம்பியர் போன கரண்ட் 2.9 ஆகிவிடுகிறது. இழுக்கும் விசை கரண்டின் வர்க்கத்தோடு ஏறி இறங்குவதால் காலையில் இருந்ததில் அறுபது சதவீதம்தான் மிஞ்சும்.

புதிய கிளட்ச்சில் இந்த இழப்பு ஒன்றும் செய்யாது, ஏனென்றால் தட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர் போலத்தான் இருக்கும். வருடக்கணக்கில் சேர்ந்து பிரிந்து சேர்ந்து பிரிந்து இரண்டு முகமும் தேய்ந்து, இடைவெளி ஒரு மில்லிமீட்டரை நெருங்கினால் காந்தத்துக்கு எட்டாது. ஏற்கனவே ஒட்டியிருக்கும் தட்டைப் பிடித்துவைக்க அந்த விசை போதும், விட்டுப் பிரிந்த தட்டை மறுபடி இழுக்கத்தான் போதாது. அதனால்தான் ஓடிக்கொண்டே இருக்கும்போது தெர்மிஸ்டர் வழக்கம்போல ஒரு தடவை கட் செய்ததும், திரும்ப ஆன் ஆகும்போது தட்டு வராமல் நின்றுவிடுகிறது. டீக்கடையில் நிறுத்தினால் சில நேரம் சரியாகிறது, சில நேரம் இல்லை என்று தம்பி சொன்னாரே, அதுவும் இதோடு பொருந்துகிறது. எஞ்சினை அணைத்து நிறுத்தினால் முதலில் பானட்டுக்குள் சூடு இன்னும் ஏறும், அப்புறம்தான் இறங்கும். எவ்வளவு நேரம் நின்றார் என்பதைப் பொறுத்தது.

பாலாற்றங்கரை:

எலக்ட்ரீஷியனைக் கூடவே உட்காரவைத்து ராணிப்பேட்டை தாண்டி ஓட்டிப் போனேன். குளிர் போனதும் நிறுத்திப் பார்த்தார். கிளட்ச் ஒயரில் 13.4 வோல்ட் இருக்கிறது, தட்டு நிற்கிறது. அவரே ஒரு நீளமான மரக்கம்பால் தட்டின் முகத்தை லேசாகத் தள்ளினார், டக் என்று ஒட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது, ஒரு நிமிடத்தில் குளிர் வந்துவிட்டது. அங்கேயே நின்று கைகூப்ப வேண்டும் போல இருந்தது.

அப்புறம் எஞ்சின் ஆறியதும் ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) விட்டு இடைவெளியை அளந்தார். ஒரு பக்கம் 0.85, இன்னொரு பக்கம் 0.95 மில்லிமீட்டர். என் வண்டியின் மேனுவலில் 0.3 முதல் 0.6 வரை என்றிருக்கிறது.

நொய்யல்:

கேட்கவே சந்தோஷம். அந்தக் கம்பு வேலையை வேறு யாரும் தானாகச் செய்ய வேண்டாம், பழகிய கை செய்ய வேண்டியது. தட்டின் நடு போல்ட்டைக் கழற்றினால் தட்டு வெளியே வரும், அதற்குப் பின்னால் மெல்லிய ஷிம் வாஷர்கள் இருக்கும். 0.5 தடிமன் ஷிம் ஒன்றை எடுத்துவிட்டால் இடைவெளி 0.35, 0.45 என்று ஆகிவிடும். எடுத்த பிறகு கையால் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கும் உரசவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் போல்ட்டை முடிவாக இறுக்க வேண்டும். முகத்தில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிடுங்கள். தட்டு நீலம் பாய்ந்திருந்தாலோ விரிசல் இருந்தாலோ கிளட்ச் செட்டையே மாற்றுங்கள், கம்ப்ரஸரை அல்ல.

கேஸையும் மறக்காமல் எடை போடுங்கள். அளவு தெரியாமல் டாப்-அப் செய்திருக்கிறார்கள், அதிகம் இருந்தால் ஹை சைடு அழுத்தம் ஏறி கிளட்ச்சுக்கு வீண் பளு, வழுக்கும், இன்னும் சூடாகும்.

பாலாற்றங்கரை:

முடிந்தது. ஷிம் எடுத்தார்கள், முகம் சுத்தமாகத்தான் இருந்தது. மெஷினில் எடுத்த கேஸ் 560 கிராம். பானட் ஸ்டிக்கரில் 430 கிராம் என்றிருக்கிறது! வேக்கம் போட்டு, ஆயில் அளவு பார்த்து, 430 போட்டார்கள். எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் வந்தது. நேற்று மதியம் வேலூரிலிருந்து சென்னை வரை நிற்காமல் வந்தேன், வெளியே 39 டிகிரி, நடு வென்ட்டில் சமையல் தெர்மாமீட்டரைச் செருகி வைத்திருந்தேன், கடைசி வரை 9 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. அம்மா பின் சீட்டில் போர்வை கேட்டார்.

நொய்யல் அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மதுரைக்காரி:

மிக நல்ல செய்தி. வெயிலில் நின்ற வண்டியை எடுக்கும்போது கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் சூட்டை வெளியே விட்டு, அப்புறம் ஏசி போட்டு, சற்று நேரத்தில் உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றினால் கம்ப்ரஸருக்கும் பளு குறையும். ஏசி ஓடவிட்டு மூடிய ஷெட்டில் காருக்குள் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள், புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும், அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

துபாய் நிழல்:

ஒரு கேள்வி. என் வண்டியில் நடுத்தட்டு எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஏசி அணைத்தாலும் சுற்றுகிறது. கிளட்ச் சிக்கிக்கொண்டதா?

நொய்யல்:

குளிர் ஒழுங்காக இருக்கிறது, ஏசி அணைத்தால் குளிர் நிற்கிறது என்றால் பெரும்பாலும் உங்களுடையது கிளட்ச் இல்லாத வகை கம்ப்ரஸர். உள்ளே பிஸ்டன் நகரும் தூரத்தை ஒரு கன்ட்ரோல் வால்வ் கூட்டிக் குறைக்கும், ஏசி அணைத்தால் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடும், முகம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வகையில் குளிர் போனால் ஷிம் கதை கிடையாது. ஸ்கேனரில் வால்வுக்குப் போகும் கரண்டையும் கேஜில் இரண்டு பக்க அழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது லோ சைடு வழக்கத்தைவிட ஏறி, ஹை சைடு ஏறாமல் இரண்டும் நெருங்கி வந்தால் கம்ப்ரஸரோ வால்வோ அழுத்தவில்லை என்று பொருள். பல மாடல்களில் வால்வ் தனியாகக் கிடைக்கும், அதை மாற்றிப் பார்க்காமல் கம்ப்ரஸர் விலை சொன்னால் இன்னொரு பட்டறைக்குப் போங்கள்.